அந்த ஒரு மணி நேரத்தைத் திருப்பித் தாருங்கள்: மருத்துவப் பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பாடத்திட்டக் குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

சென்ற வாரம் உங்களிடமிருந்து மூன்று வரிக் கடிதம் வந்தது. அரிய நோய்கள் குறித்த வகுப்பு வரும் கல்வியாண்டிலிருந்து நிறுத்தப்படுகிறது. தேர்வில் அதற்கு மதிப்பெண் இல்லை. இத்தகைய நோயாளிகளை மாணவர்கள் தங்கள் பணிக்காலத்தில் சந்திக்கும் வாய்ப்பு மிகக் குறைவு என்பதால் இனி நான் வரத் தேவையில்லை. இவ்வளவுதான் கடிதம். 12 ஆண்டுகளாக நான் நோயாளியாக வந்து மாணவர்கள் முன் உட்கார்ந்த வகுப்பு அது. ஆண்டுக்கு ஒரே ஒரு மணி நேரம்.

நேரம் போதவில்லை என்று மட்டும் எழுதியிருந்தால் மனவருத்தத்தோடு பேசாமல் இருந்திருப்பேன். 'சந்திக்கும் வாய்ப்பு மிகக் குறைவு' என்ற வரிதான் என்னை எழுத வைக்கிறது. அது உண்மையல்ல. அந்த நினைப்புதான் என் வாழ்க்கையில் 9 ஆண்டுகளைப் பறித்துக்கொண்டது. அதையே உங்கள் கையெழுத்தோடு என் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறீர்கள்.

எனக்கு இருப்பது கடும் இடைவிட்ட போர்ஃபிரியா. உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மடலைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் ஹீம் என்ற பொருளை உடல் எட்டுப் படிகளில் தயாரிக்கிறது. படிக்கு ஒரு நொதி. மூன்றாவது படியில் வேலை செய்ய வேண்டிய நொதி எனக்குப் பாதியளவுதான் இருக்கிறது. சாதாரண நாட்களில் அந்தப் பாதியே போதும். பட்டினி கிடந்தாலோ, மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் ஹார்மோன் மாறும்போதோ, சில மருந்துகள் உள்ளே போனாலோ கல்லீரல் ஹீம் தயாரிப்பை முடுக்கிவிடும். அப்போது மூன்றாம் படியைத் தாண்ட முடியாமல் மூலப்பொருட்கள் தேங்கி, பெருகி, நரம்புகளைத் தாக்கும். முதலில் வயிறு. பிறகு கை கால். சில வேளைகளில் மூளை.

22 வயதில் முதல் தாக்குதல் வந்தது. அந்த வலியை நான் விவரிக்கப் போவதில்லை. விவரிக்க முயன்ற ஒவ்வொரு முறையும் மிகைப்படுத்துகிறேன் என்றே எழுதிக்கொண்டார்கள். ஒரு விஷயத்தை மட்டும் சொல்கிறேன். அறுவைச் சிகிச்சை தேவைப்படும் வயிறு பலகைபோல விறைத்திருக்கும் என்று மாணவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிறீர்கள். சரியான பாடம். ஆனால் வலி நரம்பிலிருந்து வருகிறபோது வயிறு விறைப்பதில்லை. என் வயிற்றை அழுத்திய கைகளுக்கெல்லாம் அது மெத்தென்று இருந்தது. வயிறு மெத்தென்று இருக்கிறது, பெண் மட்டும் சுருண்டு கிடந்து கத்துகிறாள். இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாதபோது மருத்துவர்கள் வயிற்றைத்தான் நம்பினார்கள்.

ஸ்கேனில் ஒன்றுமில்லை. எண்டோஸ்கோப்பியில் ஒன்றுமில்லை. நாடித்துடிப்பு 130ஐத் தாண்டியிருந்தது. பதற்றம் என்று எழுதினார்கள். ரத்த அழுத்தம் ஏறியிருந்தது; அதுவும் பதற்றம். ரத்தத்தில் சோடியம் குறைந்திருந்தது. வாந்தியால் இருக்கலாம் என்றார்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே ஒரு சமாதானம் கிடைத்தது. எல்லாவற்றையும் ஒரே தாளில் வைத்துப் பார்க்க அன்று யாருக்கும் தோன்றவில்லை. அதே தாளை இன்று உங்கள் நான்காம் ஆண்டு மாணவரிடம் கொடுத்தால், வகுப்பில் உட்கார்ந்தவராக இருந்தால், பத்து நிமிடத்தில் சந்தேகப்படுவார். நான் பார்த்திருக்கிறேன்.

மூன்றாம் தாக்குதலின்போது குடல்வாலை எடுத்துவிட முடிவு செய்தார்கள். வாய்வழியாக எதுவும் தராமல் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். என் நோய்க்குப் பட்டினி நஞ்சு என்பது அங்கே இருந்த யாருக்கும் தெரியாது. எடுக்கப்பட்ட குடல்வால் ஆரோக்கியமாக இருந்ததென்று பிறகு அறிக்கை வந்தது. அறுவைச் சிகிச்சை முடிந்த ஐந்தாம் நாள் காலையில் தண்ணீர் குடிக்க டம்ளரை எடுக்கப் போனேன். கை டம்ளர் வரை போயிற்று. மணிக்கட்டு நிமிரவில்லை. விரல்கள் விரியவில்லை. வேறு யாருடைய கையோ என் தோளில் மாட்டியிருப்பதுபோல அது தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண் எழுந்து வந்து என் தலையைத் தூக்கித் தண்ணீர் புகட்டினார். பேனா பிடிக்க எனக்கு 14 மாதங்கள் ஆயின. வலது கை நடுவிரல் இன்னும் முழுதாக நிமிர்வதில்லை. ஒவ்வோர் ஆண்டும் உங்கள் மாணவர்கள் தொட்டுப் பார்த்தது அந்த விரலைத்தான்.

சிறுநீர் கருத்துப் போனதை நானே ஒருமுறை சொன்னேன். கிருமித் தொற்று என்று சல்ஃபா மாத்திரை தந்தார்கள். போர்ஃபிரியா உள்ளவர்களுக்குத் தரக் கூடாத மருந்துகளில் அது பழைய பெயர். அந்த வாரத்தில் வலிப்பு வந்தது. வலிப்புக்கு ஃபெனிட்டோயின் ஏற்றினார்கள். அதுவும் அதே பட்டியலில் இருக்கும் மருந்துதான். அடுத்து நடந்தவை எனக்கு நினைவில்லை. அம்மா சொல்லித்தான் தெரியும். 11 நாட்கள் எனக்கு யாரையும் அடையாளம் தெரியவில்லையாம். அதன் பிறகு என்னை மனநலப் பிரிவுக்கு மாற்றினார்கள்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். மனநலப் பிரிவில் இருந்தது இழிவு என்று நான் சொல்லவில்லை. அங்கே என்னோடு இருந்தவர்கள் உண்மையான நோயாளிகள். அவர்களுக்கு உரிய மருந்து கிடைத்தது, பலர் தேறினார்கள். என் குறை வேறு. 'மனம்' என்ற சொல்லை என் மருத்துவர்கள் ஒரு முடிவாகப் பயன்படுத்தவில்லை, ஒரு குப்பைக் கூடையாகப் பயன்படுத்தினார்கள். மனநோய்க்குரிய அறிகுறிகளை ஆராய்ந்து அந்த முடிவுக்கு வந்திருந்தால் ஏற்றுக்கொண்டிருப்பேன். ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்பதற்காக அங்கே அனுப்பினார்கள். இது எனக்கு மட்டுமல்ல, மனநலம் குன்றியவர்களுக்கும் செய்யப்பட்ட அவமரியாதை.

அந்த 9 ஆண்டுகளில் 17 மருத்துவர்களைப் பார்த்தேன். எண்ணிக்கை சரியாகத் தெரியும், ஏனென்றால் அம்மா ஒவ்வொரு சீட்டையும் ஒரே பையில் போட்டு வைத்திருந்தார். அவர்களில் 15 பேர், ஏதோ ஒரு சொற்றொடரில், 'உனக்கு ஒன்றுமில்லை' என்றார்கள். இருவர் மட்டுமே 'எனக்குத் தெரியவில்லை' என்றார்கள். இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் இடையில் உள்ள தூரத்தை நீங்கள் அளந்து பார்த்திருக்கிறீர்களா? தெரியவில்லை என்று சொன்னவர் என் பக்கத்தில் நிற்கிறார்; இருவரும் சேர்ந்து தெரியாத ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஒன்றுமில்லை என்று சொன்னவர் கதவைச் சாத்திவிட்டுப் போகிறார். சாத்திய கதவுக்கு வெளியே நான் என் வலியோடும், நான் நடிக்கிறேன் என்று நம்பத் தொடங்கிவிட்ட குடும்பத்தோடும் நிற்கிறேன்.

குடும்பத்தைக் குறை சொல்ல மாட்டேன். படித்த 15 பேர் சொன்னதை நம்பாமல் வேறு யாரை நம்புவார்கள்? ஒரு கட்டத்தில் நானே நம்பினேன். இரவு வலி தொடங்கும்போது எழுந்து உட்கார்ந்து, 'இதை நீதானே வரவழைக்கிறாய், நிறுத்து' என்று என்னிடமே சொல்லிக்கொண்ட நாட்கள் உண்டு. வேலையை விட்டேன். வேலையிலிருந்து விலக நான் எழுதிய கடிதத்தில் 'சொந்தக் காரணங்களால்' என்றுதான் எழுத முடிந்தது. பெயர் இல்லாத நோயைக் காரணமாக எழுத முடியாது. பெயர் இல்லாத நோய்க்கு விடுப்பு கிடைக்காது, உதவித்தொகை கிடைக்காது, அனுதாபமும் கிடைக்காது. அரிய நோய்கள் மனிதர்களை எப்படிப் பாதிக்கின்றன என்று வகுப்பில் ஒருமுறை ஒரு மாணவி கேட்டாள். நோய் செய்ததைவிடப் பெயரில்லாமை செய்தது அதிகம் என்று சொன்னேன். இன்றும் அதுவே என் பதில்.

எனக்கு 31 வயதானபோது ஒரு பாட்டில்தான் என்னைக் காப்பாற்றியது. சோதனைக்கு எடுத்த சிறுநீரை ஆய்வகத்துக்குக் கொண்டுபோக அன்று ஆள் வரவில்லை. பாட்டில் ஜன்னல் விளிம்பிலேயே இருந்தது. அந்தப் பக்கம் வெயில் விழும். நண்பகலுக்கு மேல் தரை துடைக்க வந்த தூய்மைப் பணியாளர் நின்று பார்த்தார். "என்னம்மா இது, காலையில் தண்ணீர்போல இருந்ததே" என்றார். பாட்டிலில் இருந்தது அடர்ந்த செம்பழுப்பு நிறத்தில் இருந்தது. அவர் அதைக் கழுவி வைத்துவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. வார்டில் இருந்த பயிற்சி மருத்துவரைக் கையைப் பிடிக்காத குறையாக அழைத்து வந்து காட்டினார். அந்த இளைஞர் சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு கைப்பேசியில் படம் எடுத்தார். புதிதாக ஒரு மாதிரி எடுத்து, அதையும் படம் எடுத்துவிட்டு, வெளிச்சம் படாமல் கறுப்புத் தாளால் சுற்றி, தானே ஆய்வகத்துக்குக் கொண்டுபோனார். போர்ஃபோபிலினோஜன் அளவு பார்க்கச் சொல்லி எழுதியிருந்தார். மூன்றாம் படியில் தேங்கும் மூலப்பொருள் அது; சிறுநீரில் இறங்கி, வெளிச்சம் பட்டால் கருக்கும். எங்கிருந்து அவருக்குத் தோன்றியது என்று பின்னால் கேட்டேன். மூன்றாம் ஆண்டில் ஒரு பேராசிரியர் வகுப்பு முடிகிற நேரத்தில் ஐந்து நிமிடம் சொன்ன கதை நினைவுக்கு வந்தது என்றார். தேர்வில் வராத ஐந்து நிமிடம்.

இந்த நோயின் வரலாறே இப்படித்தான் தொடங்குகிறது. 1889இல் நெதர்லாந்து மருத்துவர் ஸ்டாக்விஸ், சல்ஃபோனால் என்ற தூக்க மருந்து உட்கொண்ட ஒரு பெண்மணியின் சிறுநீர் அடர்ந்த சிவப்பாக மாறியதைப் பதிவு செய்தார். அந்தப் பெண்மணி இறந்துபோனார். கருத்த சிறுநீரும், நல்லெண்ணத்தோடு கொடுக்கப்பட்டுக் கேடாக முடிந்த மருந்தும் முதல் நோயாளியிடமே இருந்தன. அதற்கு நூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பிறகு நான் அதே இரண்டோடு படுத்துக் கிடந்தேன். இடைப்பட்ட காலத்தில் அறிவியல் முன்னேறாமல் இல்லை. முன்னேறியது என் கட்டில் வரை வந்து சேரவில்லை.

பெயர் தெரிந்த அன்று இரவே குளுக்கோஸ் ஏற்றினார்கள். ஹீமையே ரத்தத்தில் ஏற்றும் 'ஹீமின்' என்ற மருந்து வந்ததும் நான்கு நாட்கள் அதை ஏற்றினார்கள். மூன்றாம் நாள் நான் தூங்கினேன். அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சீட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். ஒருமுறை நடிப்பை நிறுத்தச் சொல்லி என்னைக் கடிந்துகொண்டதற்காக அழுதார் என்று நெடுநாள் கழித்துச் சொன்னார்.

பெயர் எனக்கு மட்டும் பயன்படவில்லை. இந்த மரபணு மாற்றம் இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு வாழ்நாள் முழுவதும் தாக்குதலே வருவதில்லை. ஆனால் எந்த மருந்து கூடாது என்று முன்கூட்டியே தெரிந்திருப்பது அவர்களுக்கு உயிர்க்காப்பு. என் உறவினர்கள் சோதித்துக்கொண்டார்கள். என் அண்ணன் மகளுக்கு அது இருப்பது 15 வயதிலேயே தெரிந்துவிட்டது. அவள் பட்டினி கிடப்பதில்லை. எந்த மருத்துவரிடம் போனாலும் முதலில் பட்டியலை நீட்டுகிறாள். இன்றுவரை அவளுக்கு ஒரு தாக்குதல்கூட வரவில்லை. கை கால் தளர்ந்து இளம் வயதில் இறந்துபோன எங்கள் பெரியம்மாவின் சாவுக்கு என்ன காரணம் என்று யாரும் அறிந்திருக்கவில்லை. இப்போது நாங்கள் யூகிக்கிறோம்.

உங்கள் வகுப்பில் நான் என்ன செய்தேன் என்பது குழுவில் எல்லோருக்கும் தெரியுமா என்று எனக்குத் தெரியாது. நோயின் பெயரைச் சொல்லாமல் உட்காருவேன். மாணவர்கள் கேள்வி கேட்பார்கள், வயிற்றை அழுத்திப் பார்ப்பார்கள், விரலை நிமிர்த்திப் பார்ப்பார்கள். பழைய அறிக்கைகளைக் கொடுப்பேன். பெரும்பாலோர் பதினைந்தாம் நிமிடத்தில் தயங்கி, 'மன அழுத்தம் ஏதாவது?' என்று கேட்பார்கள். கோபப்பட மாட்டேன். பயிற்சி மருத்துவர் எடுத்த இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பேன்: புதிதாக எடுத்த வெளிறிய மாதிரி, வெயிலில் கருத்த பாட்டில். அந்தக் கணத்தில் அறையில் விழும் அமைதிக்காகத்தான் 12 ஆண்டுகள் வந்தேன்.

என்னோடு வேறொரு பெண்ணும் வருவார். 1912இல் கின்னியர் வில்சன் விவரித்த நோய் அவருக்கு. உடலில் செம்பு வெளியேறாமல் கல்லீரலிலும் மூளையிலும் படிந்துவிடும். கல்லூரி நாட்களில் கை நடுங்கி, பேச்சு குழறி, எரிச்சல் மிகுந்து, குடிப்பழக்கம் என்றுகூடச் சந்தேகிக்கப்பட்டவர். கருவிழியின் விளிம்பைச் சுற்றிப் பழுப்பு வளையம் இருப்பதைக் கண் மருத்துவர் ஒருவர் வேறு எதற்கோ பார்க்கும்போது கண்டுபிடித்தார். அந்த நோய்க்கு 1956 முதல் மாத்திரை இருக்கிறது. வளையத்தைக் காண ஒரு விளக்கும் ஒரு லென்ஸும் போதும். அவருக்கும் உங்கள் மூன்று வரிக் கடிதம் வந்திருக்கிறது. பேச்சு இன்னும் தெளிவாக வராததால், அவருக்காகவும் சேர்த்து நான் எழுதுகிறேன். வாசித்துக் காட்டி ஒப்புதல் பெற்றுவிட்டேன்.

மாணவர்கள் இத்தகையவர்களைச் சந்திக்கப் போவதில்லை என்கிறீர்கள். என்னிடம் ஒரு கடிதம் இருக்கிறது. வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு மாணவி, நான்கு ஆண்டுகள் கழித்து ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் இரவுப் பணியில் இருந்தபோது எழுதியது. அதே மாதத்தில் மூன்றாம் முறையாக வந்த ஓர் இளம்பெண், கடும் வயிற்று வலி, மெத்தென்ற வயிறு, நாடித்துடிப்பு 128, முந்தைய இரண்டு சீட்டுகளிலும் 'பதற்றம்'. "உங்கள் விரல் நினைவுக்கு வந்தது" என்று எழுதியிருந்தார். சிறுநீரைக் கறுப்புத் தாளில் சுற்றி அனுப்பியிருக்கிறார். அந்தப் பெண்ணுக்கு ஒன்பது ஆண்டுகள் ஆகவில்லை. ஒன்பது நாட்களில் பெயர் கிடைத்தது. அவருடைய அந்தரங்கம் கருதி இதற்கு மேல் சொல்ல மாட்டேன். ஒரு மணி நேரத்தின் விலை என்ன என்று உங்கள் குழு விவாதித்தபோது இந்தப் பெண் கணக்கில் வந்தாரா?

எண்களையும் பார்ப்போம். ஐரோப்பிய வரையறைப்படி 2,000 பேரில் ஒருவருக்கு மேல் வராத நோய் அரிய நோய். இப்படி 6,000க்கும் மேற்பட்ட நோய்கள் பட்டியலில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தனித்தனியே அரிது. எல்லாம் சேர்ந்தால் அரிதல்ல. உலக மக்கள்தொகையில் 3.5 முதல் 5.9 விழுக்காடு வரை ஏதோ ஓர் அரிய நோயோடு வாழ்கிறார்கள் என்றும், அது ஏறத்தாழ 26 முதல் 45 கோடிப் பேர் என்றும் ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். நாளொன்றுக்கு 60 பேரைப் பார்க்கும் மருத்துவர், குறைந்த கணக்கை எடுத்தாலும், தினமும் இருவரைச் சந்திக்கிறார். சந்திக்கிறோம் என்பதை அறியாமல் சந்திக்கிறார். 2021 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை அரிய நோயோடு வாழ்வோரின் சிக்கல்களைக் களைய வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றியது. உலகம் அந்தத் திசையில் நகரும்போது உங்கள் குழு இருந்த ஒரு மணி நேரத்தையும் எடுத்துவிடுகிறது.

அறியாமை தாமதத்தை மட்டும் தருவதில்லை, காயமும் தருகிறது. தசையும் தசைநாரும் எலும்பாக மாறிவிடும் நோய் ஒன்று இருக்கிறது. பத்து லட்சம் அல்லது இருபது லட்சம் பேரில் ஒருவருக்குத்தான் வரும். அந்தக் குழந்தைகளில் ஏறக்குறைய எல்லோருக்கும் பிறக்கும்போதே கால் பெருவிரல் குட்டையாக, வளைந்து இருக்கும். பிறகு உடலில் வீக்கம் தோன்றும்போது கட்டி என்று நினைத்துத் தசையை வெட்டிச் சோதனைக்கு எடுக்கிறார்கள். வெட்டிய இடம் எலும்பாகிவிடும். அந்த மூட்டு அதன் பிறகு அசையாது. 2005இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, இந்நோயாளிகளில் மிகப் பெரும்பாலோருக்கு முதலில் தவறான நோய்ப்பெயர் சொல்லப்பட்டதையும், பாதிக்கும் மேற்பட்டோருக்குத் தேவையற்ற தசைச் சோதனை செய்யப்பட்டதையும் காட்டியது. கத்தியை எடுக்கும் முன் குழந்தையின் காலுறையைக் கழற்றிப் பார்த்திருந்தால் போதும். இதைக் கற்றுக்கொடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? மூன்று நிமிடம்.

இன்னொரு கதையையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை, ஏனென்றால் நான் மிகவும் விரும்பும் கதை அது. நார்வேயில் போர்க்னி எகேலன் என்ற தாய்க்கு இரண்டு குழந்தைகள். இருவருக்கும் அறிவு வளர்ச்சி குன்றிப்போயிற்று. குழந்தைகளிடமிருந்து வீசும் ஒரு விசித்திர வாடையைத் தாய் கவனித்தார். மருத்துவர் மாறி மருத்துவரிடம் போனார். யாராலும் காரணம் சொல்ல முடியவில்லை. அவர் விடவில்லை. 1934இல் அஸ்பியோர்ன் ஃபோலிங் என்ற மருத்துவர் அந்தக் குழந்தைகளின் சிறுநீரில் ஃபெரிக் குளோரைடு விட்டுப் பார்த்தார். நீரிழிவு நோயாளிகளுக்கு வழக்கமாகச் செய்யும் சோதனைதான். வழக்கமான நிறம் வரவில்லை, பச்சை வந்தது. ஏன் பச்சை என்று அவருக்கும் தெரியாது. தெரியாததை அவர் ஒதுக்கவில்லை. சிறுநீரைத் திரும்பத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி, அந்தப் பச்சைக்குக் காரணமான பொருளைப் பிரித்தெடுத்தார். அதுதான் ஃபினைல்கீட்டோன்யூரியா. அந்த இரு குழந்தைகளுக்கும் காலம் கடந்துவிட்டது. ஆனால் இன்று பல நாடுகளில் பிறந்த குழந்தையின் குதிகாலிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் எடுத்து இந்நோயைக் கண்டுபிடித்து, உணவைக் கட்டுப்படுத்தியே மூளையைக் காப்பாற்றிவிடுகிறார்கள். ஒரு தாயின் மூக்கும், 'தெரியவில்லை' என்பதற்கு அஞ்சாத ஒரு மருத்துவரும் இதற்குத் தொடக்கம். உங்கள் மாணவர்களை இந்த இருவருக்கும் பழக்கப்படுத்தாமல் வெளியே அனுப்பாதீர்கள்.

உங்கள் தரப்பும் எனக்குப் புரியாமல் இல்லை. வயிற்று வலியோடு வருபவர்களில் பெரும்பாலோருக்குச் சாதாரணக் காரணமே இருக்கும். முதலில் அதைத்தான் தேட வேண்டும். ஒவ்வொரு வலிக்கும் அரிய நோயைத் தேடிப் புறப்படும் மருத்துவர் ஆபத்தானவர்; தேவையற்ற சோதனைகளால் நோயாளியை வதைப்பார். 6,000 பெயர்களை மனப்பாடம் செய்யச் சொல்லி நான் கேட்கவில்லை. எந்த மனித மூளைக்கும் அது ஆகாது, தேவையும் இல்லை. சாதாரணக் காரணம் பொருந்தாமல் போகும் நாளில் மருத்துவர் என்ன செய்கிறார் என்பதே என் கேள்வி. மூன்றாம் முறையும் அதே வலியோடு வந்தவரிடம் முதல் முறை கேட்காத ஒரு கேள்வியைக் கேட்கிறாரா? பழைய சீட்டுகளை ஒன்றாக விரித்துப் பார்க்கிறாரா? தன்னைவிட அறிந்தவர் யார் என்று தேடுகிறாரா? இல்லை, சலித்துக்கொள்கிறாரா? இந்தப் பழக்கம் பாடப்புத்தகத்தில் வராது. தவறாகப் பார்க்கப்பட்ட ஒருவர் எதிரில் உட்கார்ந்து சொல்லும்போதுதான் படியும்.

எனவே உங்களிடம் கேட்பவற்றை வெளிப்படையாகவே எழுதுகிறேன்.

வகுப்பை நிறுத்தும் முடிவைத் திரும்பப் பெற்று, வரும் கல்வியாண்டிலேயே அந்த ஒரு மணி நேரத்தைக் கால அட்டவணையில் மீண்டும் சேருங்கள். விருப்பமுள்ளவர்கள் வரலாம் என்று மாலையில் ஓர் ஓரத்தில் வைக்காதீர்கள். எல்லா மாணவர்களும் வர வேண்டிய வகுப்பாக வையுங்கள்.

தேர்வில் மதிப்பெண் இல்லை என்பது காரணமென்றால், மதிப்பெண் கொடுங்கள். நோயின் பெயரைக் கேட்க வேண்டாம். எல்லாச் சோதனையும் சரியாக இருந்தும் நோயாளி தேறாமல் திரும்பி வருகிறார், அடுத்து என்ன செய்வீர்கள் என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். அந்தப் பதிலைத் திருத்தும்போது 'எனக்குத் தெரியவில்லை, இன்னாரிடம் கேட்பேன்' என்று எழுதிய மாணவருக்கு முழு மதிப்பெண் போடுங்கள்.

சீட்டில் எழுதும் மொழியைக் கற்றுக்கொடுங்கள். இதை நான் மிகவும் வற்புறுத்துகிறேன். காரணம் தெரியாதபோது 'காரணம் இதுவரை கண்டறியப்படவில்லை' என்று எழுதப் பழக்குங்கள். மனநல மருத்துவர் பார்த்து உறுதி செய்யாமல் 'பதற்றம்', 'மனம் சார்ந்தது' போன்ற சொற்களை எழுதக் கூடாது என்று சொல்லுங்கள். முதல் சீட்டில் ஒருவர் எழுதியதை அடுத்த 14 பேர் பார்த்து எழுதினார்கள். என் 9 ஆண்டுகள் பெரும்பாலும் அந்த ஒற்றைச் சொல்லில்தான் கழிந்தன.

தூய்மைப் பணியாளர், செவிலியர், நோயாளியின் தாய் ஆகியோர் கண்டு சொல்வதைக் கேட்டுக் குறித்துக்கொள்வதும் பரிசோதனையின் ஒரு பகுதி என்று பயிற்சிக் காலத்திலேயே சொல்லிக்கொடுங்கள்.

இத்தகைய வகுப்புகளைப் பற்றி முடிவெடுக்கும்போது நோயாளிகள் இருவரையாவது குழுவில் உட்கார வையுங்கள். நான் வரச் சித்தமாக இருக்கிறேன். வில்சன் நோயுள்ள என் தோழியும் வருவார். அவர் பேசி முடிக்கும் வரை பொறுமையாகக் கேட்க வேண்டும், அவ்வளவே.

இந்த மடலுக்கு எழுத்து வடிவில், 30 நாட்களுக்குள், காரணங்களோடு பதில் தாருங்கள். மறுப்பதாக இருந்தால், அவசரப் பிரிவில் காப்பாற்றப்பட்ட அந்த இளம்பெண்ணுக்குச் சொல்லக்கூடிய காரணமாக அது இருக்கட்டும்.

வகுப்பு மீண்டும் தொடங்கினால் இரண்டு படங்களோடும் அம்மாவின் சீட்டுப் பையோடும் வருகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள்: சென்ற ஆண்டு நண்பகல் 12 மணிக்குத் தொடங்க வேண்டிய வகுப்பு இரண்டரைக்குத்தான் தொடங்கியது. நான் சாப்பிடாமல் காத்திருந்தேன். இனி அப்படிக் காத்திருக்க என்னால் முடியாது. பட்டினி எனக்குக் கூடாது. காலையில் வையுங்கள், அல்லது உணவு வேளை முடிந்து வையுங்கள்.

இப்படிக்கு,
12 ஆண்டுகள் உங்கள் மாணவர்கள் முன் உட்கார்ந்த நோயாளி